அலைவரிசை யாருக்குச் சொந்தம்?

இறந்தவர்க்காக வருந்துவது இயல்பு. பிறந்த ஊரைப் பிரிந்தவர்கள் அவ்வூரை நினைத்து ஏங்குவதும் இயல்பே. ஆனால், ஒரு வானொலி நிலையம் தன் நிகழ்ச்சிகளை மாற்றிக்கொண்டது என்பதற்காக, இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் மனிதர்கள் வருந்திக்கொண்டிருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? வீட்டிலே பெரியவர்கள் “அந்தக் காலத்து இலங்கை வானொலி போல வருமா?” என்று பெருமூச்சு விடக் கேட்டிருக்கும் பெற்றோர்கள் உடனே நம்புவார்கள். எங்களைப் போன்ற மாணவியர்க்குத்தான் இது புதுமை. பாட்டு வேண்டுமென்றால் அம்மாவிடம் கைப்பேசியைக் கெஞ்சி வாங்குகிறோம். கேட்ட பாட்டு கேட்ட நொடியில் வருகிறது. அதனால், யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்து ஒலிபரப்பும் பாட்டுக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்பதே எங்களுள் பலருக்குத் தெரியாது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அத்தை, அமெரிக்காவில் வாஷிங்டன் நகரை அடுத்த மேரிலாந்து மாநிலத்தில் வசிப்பவர். சென்ற கோடை விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது அவர் சொன்ன ஒரு செய்தியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. அதன்பின் நாங்களும் தேடிப் படித்தோம். படித்ததைப் பற்றி இடைவேளைகளில் வழக்காடினோம். வழக்கு இன்னும் தீரவில்லை. எனினும் எங்கள் கருத்தை எழுதிவிடுகிறோம்.

அந்த நிலையத்தின் பெயர் டபிள்யூ.எச்.எஃப்.எஸ். நேயர்கள் செல்லமாக எச்.எஃப்.எஸ். என்பார்கள். ராக் இசையை ஒலிபரப்பிய நிலையம் அது. ராக் என்றவுடன் சில பெரியவர்களின் முகம் சுருங்கும் என்பதை அறிவோம். கிட்டாரும் முரசும் ஓங்கி ஒலிக்கும் அவ்விசை நல்லதா, வெறுங் கூச்சலா என்று நாங்கள் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எங்களிலேயே இருவருக்கு அது பிடிக்கும், மற்றவர்களுக்குத் தலைவலி. நாங்கள் பேச விரும்புவது இசையைப் பற்றியன்று, கேட்பவர்களைப் பற்றி.

1961 ஆம் ஆண்டு பெதஸ்டா என்னும் ஊரில், மருத்துவர்கள் தொழில் நடத்தும் ஒரு கட்டடத்தின் நிலவறையில் அந்நிலையம் தொடங்கப்பட்டது. பண்பலையில் 102.3 அதன் எண். ஆற்றல் குறைந்த சிறு நிலையம். தொடக்கத்தில் மென்மையான இசையே ஒலித்தது. 1960-களின் இறுதியில் இரவு நேரங்களில் ராக் இசை மெல்ல நுழைந்து, பின்பு நாள் முழுவதையும் பிடித்துக்கொண்டது. அறிவிப்பாளர்களுக்கு அங்கே முழு உரிமை இருந்தது. இன்ன பாட்டை இன்ன மணிக்குப் போடு என்று எவரும் பட்டியல் கொடுக்கவில்லை. அவர்களே இசைத்தட்டு அலமாரிக்குச் சென்று, ஒரு பாட்டைக் கேட்டவுடன் எது நினைவுக்கு வருகிறதோ அதை எடுத்து அடுத்துச் சுழலவிடுவார்கள். நாட்டுப்புறப் பாட்டுக்குப் பின் ஜாஸ், அதற்குப் பின் பத்து நிமிட கிட்டார் இசை என்று எது வேண்டுமானாலும் வரும். புகழ் பெறாத உள்ளூர்க் கலைஞர்களின் தட்டுகளும் ஏறும். எமிலூ ஹாரிஸ், நில்ஸ் லாஃப்கிரென் போன்றவர்கள் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார்கள். அப்பகுதியின் சிறு அரங்குகளில் அவர்கள் பாடிவந்த நாளிலேயே எச்.எஃப்.எஸ். நேயர்கள் அவர்களை அறிவார்கள்.

அறிவிப்பாளர்களில் ஒருவர் ஜோனதன் கில்பர்ட். ‘வீசல்’ என்பது அவர் பட்டப்பெயர். கீரியைப் போன்ற ஒரு சிறு விலங்கின் பெயர் அது. அவருடைய மெல்லிய கீச்சுக் குரலைக் கேட்டால் பெயரின் பொருத்தம் விளங்குமாம். வானொலிக்குக் கணீரென்ற குரல்தான் வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருக்கும் எங்களுக்கு இது வியப்பாக இருந்தது. (பேச்சுப் போட்டியில் குரல் மெலிந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்ட எங்கள் தோழி இதைப் படித்துவிட்டு மிகவும் மகிழ்ந்தாள்.) அவர் 1970-களின் தொடக்கத்தில் சேர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்நிலையத்தில் பேசினார். குழந்தையாகக் கேட்டவர்கள் தம் குழந்தைகளுடன் கேட்கும் அளவுக்கு நீண்ட காலம் அது.

1983 ஆம் ஆண்டு 102.3 விற்கப்பட்டது. நேயர்கள் கலங்கினார்கள். ஆயினும் அந்நிலையத்தை நடத்திவந்த ஜேக் ஐன்ஸ்டீனும் அவருடைய கூட்டாளிகளும் அன்னபோலிஸ் நகரில் 99.1 என்னும் வேறோர் அலைவரிசையை வாங்கி, அதே பெயரில் மீண்டும் தொடங்கினார்கள். அதன் பின் உரிமையாளர்கள் ஒருவர்பின் ஒருவராக மாறினார்கள். அறிவிப்பாளரின் உரிமை சிறிது சிறிதாகக் குறைந்தது, பட்டியல் வந்தது. அதே வேளையில் நேயர் கூட்டமும் பெருகியது. 1990 இல் தொடங்கிய அதன் ஆண்டு இசைவிழா, பின்னர் வாஷிங்டனின் பெரிய விளையாட்டரங்கையே நிரப்பும் அளவுக்கு வளர்ந்தது.

எங்கள் தோழியின் அத்தை 1998 இல் அங்கே போய்ச் சேர்ந்தார். கணினி நிறுவனமொன்றில் வேலை. இருபத்து மூன்று வயது. சிறு வயதில் வாய்ப்பாட்டுக் கற்றவர். ராக் இசை அவருக்கு முதல் மாதத்தில் சிறிதும் பிடிக்கவில்லை. அலுவலகத் தோழி விட்டுச் சென்ற பழைய காரில் அந்த எண்ணிலேயே முள் நின்றிருந்தது. மாற்றத் தெரியாமல் கேட்டார். பிறகு மாற்ற மனமில்லாமல் கேட்டார். அறிவிப்பாளர்களின் பேச்சைக் கேட்டுத்தான் அந்நாட்டு உச்சரிப்பு தமக்குப் பழகியது என்கிறார். எந்தச் சாலையில் நெரிசல், நாளை பனி பெய்யுமா என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் தெரியும். வீட்டுக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. “காரில் ஏறினால் யாரோ நமக்காகக் காத்திருந்தது போல இருக்கும்” என்று அவர் சொன்னார். அந்த நிலையத்துக்கு ஒரு கடிதம்கூட அவர் எழுதியதில்லை. தொலைபேசியில் பாட்டுக் கேட்டதும் இல்லை. அவர் இருக்கிறார் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

2005 ஆம் ஆண்டு ஜனவரி 12 ஆம் நாள் நண்பகலில் எச்.எஃப்.எஸ். நின்றது. கடைசியாக ஒலித்தது ஜெஃப் பக்லி என்னும் பாடகரின் ‘லாஸ்ட் குட்பை’. இறுதி விடை என்று பொருள் தரும் தலைப்பு. அதைத் தேர்ந்தெடுத்தவர்க்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். ஏனெனில் நேயர்களுக்கு அன்று கிடைத்த விடைபெறுதல் அது ஒன்றுதான். அடுத்து அதே எண்ணில் ஸ்பானிய மொழியில் துள்ளலான நடன இசை ஒலித்தது. நிலையத்தின் புதுப்பெயர் ‘எல் சோல்’. ஸ்பானிய மொழியில் சூரியன் என்று பொருள். அத்தை பகலுணவு வாங்கக் காரை எடுத்தவர், கை பட்டு முள் நகர்ந்துவிட்டது என்று எண்ணி அணைத்துவிட்டு மறுபடியும் போட்டாராம். எண் 99.1 என்றே காட்டியது.

மறுநாள் அலுவலகத்தில் இதே பேச்சு. சிலர் கோபப்பட்டார்கள். நிலையத்துக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. அம்மாத இறுதிக்குள் உரிமையாளர்கள் சற்று இறங்கிவந்து, பால்டிமோர் நகரில் தங்களுக்குச் சொந்தமான 105.7 என்னும் நிலையத்தில் இரவு நேரங்களையும் வார இறுதியையும் எச்.எஃப்.எஸ். பெயருக்கு ஒதுக்கினார்கள். அதுவும் நிலைக்கவில்லை.

இதுவரை கேட்டதும் எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் அந்த நேயர்கள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். “காசுக்காக இப்படியா?” என்றாள் ஒருத்தி. ஆனால் அத்தை இன்னொன்றும் சொன்னார். அவருடைய அலுவலகத்தில் மாலையில் துப்புரவுப் பணிக்கு வருகிறவர் எல் சால்வடார் நாட்டுப் பெண்மணி. அவ்வார முழுவதும் அவர் தம் தள்ளுவண்டியில் ஒரு சிறு வானொலிப் பெட்டியை வைத்துக்கொண்டு வந்தார். அதில் 99.1 பாடிற்று. அதுவரை அந்த அம்மாள் பாட்டுக்கு வாயசைத்து அத்தை பார்த்ததே இல்லையாம்.

எல் சால்வடாரில் 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. உயிர் தப்பி அமெரிக்காவுக்கு வந்தவர்களில் மிகப் பலர் வாஷிங்டன் சுற்றுவட்டாரத்தில்தான் குடியேறினார்கள். கட்டடம் கட்டுவது, சமையல் அறையில் உழைப்பது, பிறர் குழந்தைகளை வளர்ப்பது என்று அந்நகரின் கடினமான வேலைகளில் பலவற்றை அவர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் சிறு நிலையங்கள் இருந்தன. ஆனால் இரண்டு பெரிய நகரங்களுக்கு எட்டும் வலிமையான பண்பலை நிலையம் வாய்த்ததில்லை. எச்.எஃப்.எஸ். நேயர்களுக்கு ஓசை நின்ற அதே நண்பகலில் இவர்களுக்கு ஓசை தொடங்கியது. ‘நம் நாட்டில் நம் அலைவரிசையை அயல்நாட்டார் பிடுங்கிக்கொண்டார்கள்’ என்று முணுமுணுத்தவர்களும் அன்று இருந்தார்களாம். அம்முணுமுணுப்பு எங்களுக்குச் சிறிதும் உடன்பாடில்லை. துக்கம் நேர்மையானதுதான், ஆனால் அத்துக்கத்தைத் தரை துடைக்கும் அம்மாளின் தலையில் ஏற்றுவது நேர்மையன்று. அலைவரிசையை மாற்றியவர் அவரா? அவரிடம் எவர் கேட்டார்?

இன்னும் சற்றுப் பின்னே போனால் வேடிக்கையாக இருக்கிறது. 1983 இல் எச்.எஃப்.எஸ். இழந்த அந்தப் பழைய 102.3 என்னவாயிற்று? 1987 இல் அதை கேத்தி ஹியூஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி வாங்கினார். அவர் ஏற்கெனவே வாஷிங்டனில் ஒரு சிறு வானொலி நிலையம் நடத்திவந்தவர். தாமே ஒலிவாங்கியின் முன் அமர்ந்து நேயர்களுடன் பேசியவர். 102.3 வெற்றி பெற்றதும் அதையே படியாகக் கொண்டு மேலும் பல நிலையங்களை வாங்கி, அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கான மிகப் பெரிய வானொலி நிறுவனத்தை உருவாக்கினார். ஒரு கூட்டம் கண்ணீருடன் விட்டுச் சென்ற வீட்டில் இன்னொரு குடும்பம் குடிவந்து விளக்கேற்றியது போலத்தான் இது.

அப்படியானால் ராக் நேயர்கள் மட்டுமே எப்போதும் இழந்தவர்களா? அதுவும் இல்லை. நியூயார்க் நகரில் டபிள்யூ.என்.சி.என். என்றொரு நிலையம் மேல்நாட்டுச் செவ்வியல் இசையை ஒலிபரப்பிவந்தது. 1974 நவம்பரில் உரிமையாளர்கள் ஒரே நாளில் அதை ராக் நிலையமாக மாற்றினார்கள். பீத்தோவன் இருந்த இடத்தில் கிட்டார்! செவ்வியல் இசை நேயர்கள் சும்மா இருக்கவில்லை. ‘நேயர் சங்கம்’ அமைத்தார்கள், வழக்குத் தொடுத்தார்கள், அடுத்த ஆண்டே செவ்வியல் இசையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. வான்வெளி பொதுமக்களின் உடைமை; நிலையத்தார் உரிமம் பெற்று அதைப் பயன்படுத்துகிறவர்கள் மட்டுமே; 1934 ஆம் ஆண்டுச் சட்டம் பொதுநலனை முன்னிட்டே உரிமம் தரச் சொல்கிறது; ஆகவே ஓர் ஊரில் ஒரேயொரு நிலையம் மட்டும் தரும் இசையை நிறுத்துவதற்கு முன் அரசின் தகவல் தொடர்பு ஆணையம் விசாரிக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1981 மார்ச்சு 24 ஆம் நாள் தீர்ப்பு. நீதிபதிகள் எழுவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். எந்த இசை வேண்டுமென்பதைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்னும் ஆணையத்தின் கொள்கை சட்டத்துக்கு மாறானதன்று என்று எழுவர் கூறினர். சந்தை தவறும் இடங்களில் தலையிடுவதற்கு ஒரு வழியாவது திறந்திருக்க வேண்டாமா என்பது மறுத்த இருவரின் கருத்து. அவ்விருவர் சார்பில் எழுதியவர் தர்குட் மார்ஷல். அந்நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. நேயர் சங்கம் தோற்றது. அவர்கள் பாடுபட்டு மீட்ட நிலையமும் 1993 டிசம்பரில் மீண்டும் ராக் நிலையமாயிற்று. இன்று ‘எங்கள் ராக் நிலையம் போயிற்றே’ என்று புலம்புகிறவர்கள், அவர்களுடைய இசை வந்து அமர்ந்தபோது எழுந்து போனவர்கள் யார் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். 2005 இல் வாஷிங்டன் நேயர்களின் விண்ணப்பங்களுக்குச் சட்டத்தின் வலிமை இல்லாமற் போனதற்கு 24 ஆண்டுகளுக்கு முன் வந்த இத்தீர்ப்பே காரணம். செவ்வியல் இசை நேயர்கள் வென்றிருந்தால் அந்த வெற்றி ராக் நேயர்களுக்கும் உதவியிருக்கும்!

இதற்கு மேல் 1996 ஆம் ஆண்டு இன்னொரு சட்டம் வந்தது. அதற்கு முன் ஒரே நிறுவனம் நாடு முழுவதிலும் 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க இயலாது. புதுச்சட்டம் அவ்வரம்பை நீக்கிவிட்டது. சில ஆண்டுகளுக்குள் ஒரு நிறுவனத்திடம் மட்டும் 1,200 க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. ஆயிரம் பிள்ளைகளைப் பெற்ற தாய்க்கு எந்தப் பிள்ளை எப்போது உண்ணும் என்று தெரியுமா? எங்கோ தொலைவில் அமர்ந்து கணக்குப் பார்ப்பவர்க்கு ஒரு நிலையம் என்பது ஒரு வரி. விளம்பரம் குறைந்தால் அவ்வரியை அடித்துவிட்டு வேறு வரி எழுதுவார். சூரியன் பெயர் கொண்ட அந்த ஸ்பானிய நிலையத்தையும் அவர்கள் 99.1 இல் நிலையாக இருக்கவிடவில்லை. 2011 இல் அதை 107.9 க்கு நகர்த்திவிட்டு அங்கே செய்தி நிலையம் வைத்தார்கள். துப்புரவு அம்மாளும் ஒரு காலையில் முள்ளைத் திருப்பித் தேடியிருப்பார் அல்லவா?

எங்கள் இலக்கண வகுப்பில் ஒரு நூற்பா உண்டு. பழைய சொற்கள் வழக்கிழப்பதும் புதிய சொற்கள் வந்து சேர்வதும் குற்றமாகா என்பது அதன் கருத்து. நன்னூலாரின் அவ்விதியை வானொலிக்கும் பொருத்திப் பேசினாள் எங்களில் ஒருத்தி. அழகான வாதம்தான். ஆனால் சொல் வழக்கிழப்பது மக்கள் அதைப் பேசாமல் விட்டதனால். மக்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து, “நாளை முதல் இச்சொல் இல்லை” என்று சொல்லிவிடுவதனால் அன்று. எச்.எஃப்.எஸ்.ஸுக்கு நேயர்கள் குறைந்துவந்தார்கள் என்பது மெய். இறுதி ஆண்டுகளில் அது ஒலிபரப்பிய முரட்டு இசை பழைய நேயர்களைத் துரத்திவிட்டது என்பாரும் உண்டு. அவர்களைக் கேட்டால், “எங்கள் நிலையம் 1983 லேயே போய்விட்டது, 2005 இல் போனது வேறு எதுவோ” என்பார்கள். 1990-களில் இளைஞர்களாக இருந்தவர்களோ தங்களுடையதே உண்மையான எச்.எஃப்.எஸ். என்பார்கள். ஒவ்வொருவரும் தாம் பதினாறு வயதில் கேட்டதையே நிலையம் என்கிறார்கள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அதனால் அவர்கள் துக்கம் பொய்யாகிவிடாது. அத்தை இழந்தது ஒரு பாட்டையன்று. எல்லாப் பாட்டும் இன்று கைப்பேசியில் இருக்கின்றன. அவர் தனியாக இருந்த ஆண்டுகளில் நாள்தோறும் உடன் வந்த குரல்கள் ஒரு நண்பகலில் நின்றன. எங்கே போனார்கள் என்று எவரும் சொல்லவில்லை.

“சட்டமே கேட்காதபோது நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள்?” என்றார் எங்கள் தோழியின் தந்தை. வணிகம் செய்கிறவர். கடைக்காரர் ஒரு சரக்கை விற்பதை நிறுத்தினால் வாடிக்கையாளரிடம் அனுமதி கேட்பதுண்டா என்பது அவர் கேள்வி. கேட்பதில்லை. ஆனால் அவருடைய கடையிலேயே, வேறு தெருவுக்கு மாறியபோது ஒரு மாதம் முன்பே அறிவிப்புப் பலகை மாட்டினார். பழைய வாடிக்கையாளர்க்கு அவர் தாமே நேரில் சொன்னதையும் நாங்கள் அறிவோம். அந்த அளவே நாங்கள் கேட்பதும். மாற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு மாற்றுங்கள் என்கிறோம்.

அது இயலாத காரியமன்று. பாஸ்டன் நகரில் டபிள்யூ.பி.சி.என். என்னும் நிலையம் இருந்தது. பாஸ்டன் செவ்வியல் இசைக் கச்சேரிகளுக்காக ஏற்பட்ட அந்நிலையம், 1968 மார்ச்சு 15 ஆம் நாள் இரவில் ராக் இசைக்கு மாறத் தொடங்கியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்து, 2009 ஆகஸ்டில் மூடப்பட்டது. மூடுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு, ஜூலை நடுவிலேயே, செய்தியை வெளியிட்டார்கள். அதனால் பழைய அறிவிப்பாளர்கள் இறுதி நாட்களில் திரும்பி வந்து பேச முடிந்தது. நேயர்கள் கேட்க முடிந்தது. எச்.எஃப்.எஸ்.ஸுக்குக் கிடைத்ததோ ஒரு பாட்டு. இரண்டு நகரங்களிலும் ஒரே சட்டம்தான். மாறுபட்டது மரியாதை மட்டுமே.

முன்னறிவிப்பு கொடுத்தால் விளம்பரதாரர்கள் ஓடிவிடுவார்கள், ஊழியர்கள் மனமுடைந்து ஒலிவாங்கியில் ஏதேனும் பேசிவிடுவார்கள் என்று நிறுவனங்கள் அஞ்சுவதாகப் படித்தோம். அஞ்சட்டும். எத்தனையோ ஆண்டுகள் அவர்கள் குரலை நம்பி விளம்பரம் விற்றவர்கள், கடைசி ஒரு வாரம் அவர்களை நம்பக்கூடாதா? 1979 இல் இதே பாஸ்டன் நிலையத்தைப் புதிய உரிமையாளர்கள் வாங்கியவுடன் ஊழியர்கள் பலரை வேலையிலிருந்து நீக்கினார்கள். மற்றவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நேயர்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள்; மூன்று வாரங்களில் நீக்கப்பட்டவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். அறிவிப்பாளர்க்கும் நேயர்க்கும் இடையே இருப்பது வெறுங் காற்று அன்று என்பதை உரிமையாளர்கள் அன்று கண்டார்கள்.

எங்கள் தலைமுறையின் நிலையை எண்ணிப் பார்க்கிறோம். கைப்பேசியில் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டைக் கணினி தேர்ந்தெடுக்கிறது. நமக்குப் பிடித்ததையே மறுபடியும் மறுபடியும் தருகிறது. கீச்சுக் குரலில் ஒருவர் வந்து, “இது உங்களுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ, எனக்குப் பிடித்திருக்கிறது, கேளுங்கள்” என்று சொல்லப் போவதில்லை. நாம் கேட்கும் அதே நொடியில் அடுத்த தெருவில் இன்னொருத்தி அதே பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்னும் எண்ணமும் இல்லை. கைப்பேசி நிறுவனம் நாளை ஏதேனும் ஒன்றை நீக்கினால் நாங்கள் கவனிக்கவும் மாட்டோம். இதைச் சொன்னபோது அத்தை சிரித்துவிட்டு, “அப்படியானால் உங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை” என்றார். அவருடைய தொல்லை எங்களுக்கும் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எங்களில் சிலருக்குத் தோன்றியது.

2024 செப்டம்பரில் வாஷிங்டனின் ஒரு பெரிய விளையாட்டரங்கில் எச்.எஃப்.எஸ். இசைவிழாவை அதே பழைய பெயரில் மீண்டும் நடத்தினார்கள். நிலையம் இல்லை; விழா மட்டும். நுழைவுச்சீட்டுகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. அத்தை போகவில்லை. மகனுக்குக் கணிதத் தேர்வாம்.

முன்னறிவிப்போடு இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது: ஒலிநாடாக்கள். அறிவிப்பாளர்கள் பேசியவை, நேயர்கள் தொலைபேசியில் கேட்டவை, உள்ளூர்க் கலைஞர்கள் முதன்முதல் பாடியவை எல்லாம் ஓர் ஊரின் வரலாறு. பாஸ்டன் நிலையத்தைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தவர் பில் லிச்டன்ஸ்டைன். 1970-ஐ ஒட்டி அந்நிலையத்தில் நேயர்களின் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் தொண்டராகச் சேர்ந்தவர் அவர். அப்போது அவருக்கு வயது 14. எங்களைவிட ஒன்று குறைவு. படம் எடுக்க முனைந்தபோது அவர் பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். வீட்டுப் பரண்களிலும் பெட்டிகளிலும் கிடந்த ஒலிநாடாக்களையும் புகைப்படங்களையும் நேயர்கள் எடுத்துவந்து கொடுத்தார்கள். நேயர்கள் காத்து வைத்தார்கள் என்பது பெருமைக்குரியது. அவற்றைக் காத்து வைத்திருக்க வேண்டிய அலமாரி நிலையத்தினுடையது என்பது எங்கள் கருத்து.